வளர்த்த பிராணியைக் கைவிட்டால்: சட்டம், தண்டனை, புகார் எழுதும் முறை

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு காலை, புறவழிச்சாலையோரப் பயணியர் நிழற்குடை ஒன்றின் இரும்புத் தூணில் லாப்ரடார் நாய் ஒன்று கட்டப்பட்டிருப்பதாக, எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் சொன்னார். நீல நிற நைலான் கயிற்றால் அது கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் பாதி தின்ற தயிர்ச்சோறும், பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் ஒன்றும் இருந்தன. காரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது எழுந்து நிற்பதும், கார் கடந்துபோனதும் மறுபடி உட்காருவதுமாக இருந்திருக்கிறது. "சார், இப்படி விட்டுவிட்டுப் போனவருக்குச் சட்டப்படி என்ன தண்டனை?" என்று ஆசிரியை கேட்டார். முதல் முறை என்றால் ஐம்பது ரூபாய் வரை அபராதம் என்று நான் சொன்னதும் எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

இந்த ஐம்பது ரூபாயைக் கேள்விப்பட்டதுமே பெரும்பாலோர் புகார் கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள். அபராதத் தொகை கேலிக்குரிய அளவுக்குச் சிறியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொகை மட்டுமே தண்டனை அன்று. சரியாக எழுதப்பட்ட புகார், நாயை விட்டுச் சென்றவருக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவையும், இனி விலங்கு எதையும் வளர்க்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடையையும்கூடக் கொண்டுவர முடியும். அவ்வாறு நடப்பதும் நடக்காததும், முதல் இரண்டு நாட்களில் நீங்கள் சேர்த்து வைக்கும் ஆதாரத்தையும், மனுவில் எழுதும் சொற்களையும், மூன்று மாதக் கெடு ஒன்றையும் பொறுத்தே அமைகின்றன.

சட்டம் எதைக் குற்றம் என்கிறது

இந்தியா முழுமைக்கும் பொருந்துவது 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமாகும். அதன் பின்னணியில் சென்னை அடையாற்றுக்கு ஒரு பங்கு உண்டு: கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இச்சட்டத்துக்கு வழிவகுத்தது, இச்சட்டத்தின்படி 1962 இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

இச்சட்டத்தின் 11 ஆம் பிரிவு, உட்பிரிவு (1), 'ஐ' என்ற கூறுதான் கைவிடுதலைப் பற்றிப் பேசுகிறது. நியாயமான காரணமின்றி ஒரு விலங்கை, பசியாலோ தாகத்தாலோ அது துன்புற நேரக்கூடிய சூழ்நிலையில் கைவிடுவது குற்றம் என்பது அதன் சாரம். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன, மூன்றையும் புகார் தருபவர் காட்டியாக வேண்டும். முதலாவது, கைவிட்டார் என்பது. தொலைந்துபோன நாய்க்கு இக்கூறு பொருந்தாது. இரண்டாவது, அதற்கு நியாயமான காரணம் இல்லை என்பது. மூன்றாவது, பசிக்கோ தாகத்துக்கோ ஆளாகக்கூடிய சூழ்நிலை என்பது. விலங்கு உண்மையில் பட்டினி கிடந்து மெலிந்த பிறகுதான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை, அதற்கான வாய்ப்பு இருந்தாலே போதும். ஆகவே, "சாப்பாடு வைத்துவிட்டுத்தானே வந்தேன்" என்று ஒருவர் சொல்வது அவருக்கு உதவாது. ஒரு வேளைச் சோறு மறு வேளைக்கு இல்லை என்பதை அந்தக் கிண்ணமே சொல்லிவிடும்.

விலங்கு என்றால் மனிதரல்லாத எந்த உயிரினமும் என்று அதே சட்டம் வரையறுக்கிறது. நம் ஊர்களில் பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் மீன் சந்தையிலோ ஆற்றுக்கு அக்கரையிலோ விட்டுவிட்டு வரும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் உண்டு. அதைப் பாவம் என்று நினைப்பவர்கள்கூடக் குற்றம் என்று நினைப்பதில்லை. வளர்த்த பூனையையோ, தாயைப் பிரித்த அதன் குட்டிகளையோ இவ்வாறு விடுவதற்கும் இதே கூறு பொருந்தும். பூங்காவில் விடப்படும் முயலுக்கும் அவ்வாறே.

இக்கூறுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் சில. உரிமையாளர் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராதிருப்பது அதே உட்பிரிவின் 'எச்' கூறின்படி குற்றமாகும். வீட்டைக் காலி செய்தவர் பால்கனியிலேயே நாயைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால், இக்கூறு 'ஐ' கூறைவிட எளிதில் நிரூபணமாகும். ஏனெனில் அங்கே கைவிட்டாரா, திரும்பி வரும் எண்ணத்தில் இருந்தாரா என்ற விவாதத்துக்கே இடமில்லை. தொற்று நோயுள்ள தன் விலங்கை வேண்டுமென்றே தெருவில் திரியவிடுவதும், நோயுற்ற அல்லது ஊனமுற்ற விலங்கைத் தக்க காரணமின்றித் தெருவில் சாகவிடுவதும் 'ஜே' கூறில் வருகின்றன. பார்வோ காய்ச்சலோ உண்ணிக் காய்ச்சலோ வந்து, சிகிச்சைச் செலவுக்கு அஞ்சி நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் விடப்படும் நாய்களுக்கு நான் எப்போதும் 'ஐ', 'ஜே' ஆகிய இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐம்பது ரூபாயும் அதற்கு அப்பாலும்

11 ஆம் பிரிவின் கீழான முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் அபராதம் விதிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் குற்றம் செய்தால், 25 முதல் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். 1960 இல் ஐம்பது ரூபாய் என்பது பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. இன்று அது ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை. சிங்கப்பூரில் இதே குற்றத்துக்கு முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பிரிட்டனிலோ, நம் சட்டம் வந்த அதே 1960 ஆம் ஆண்டில் விலங்குகளைக் கைவிடுவதற்கென்றே தனிச் சட்டம் ஒன்று வந்தது. பின்னர் அதை 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தில் கலந்து புதுப்பித்தார்கள். நம்மிடமோ, ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் தண்டனையை உயர்த்த வேண்டும் என்று சுட்டிக்காட்டியும், 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டும், 'ஐ' கூறின் தொகை மாறவில்லை.

தொகையை வைத்துச் சட்டத்தை எடை போடுபவர்கள் 29, 35 ஆகிய இரு பிரிவுகளைப் படிப்பதில்லை. குற்றம் நடந்த விலங்கைச் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் உரிய இடத்துக்கு அனுப்பும்படி குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) 35 ஆம் பிரிவின்படி ஆணையிடலாம். அங்கே கொண்டுசெல்லும் செலவு, தீனிச் செலவு, மருத்துவச் செலவு ஆகியவற்றை உரிமையாளரே கட்ட வேண்டும். வழக்கில் கைப்பற்றப்படும் விலங்குகளின் பராமரிப்புக்கென 2017 இல் வந்த விதிகளும் இச்செலவைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே வைக்கின்றன. ஒரு பெரிய நாய்க்கு இரண்டு மாதத் தீனியும், ரத்தப் பரிசோதனையும், குளுக்கோஸ் ஏற்றும் செலவும் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பது நாய் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்து, தண்டிக்கப்பட்டவர் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ எந்த விலங்கையும் தம் பொறுப்பில் வைத்திருக்கக் கூடாது என்று 29 ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தடை விதிக்கலாம். இத்தடையை எவரும் கேட்பதில்லை என்பதே என் குறை; கேட்டால்தான் நடுவர் அதைப் பற்றி யோசிப்பார்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒரு விலங்கைக் கொல்வது, நஞ்சிடுவது, முடமாக்குவது ஆகியவற்றின் மூலம் சொத்தழிப்புச் செய்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று அது சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல், பழைய தண்டனைச் சட்டத்தின் 428, 429 பிரிவுகளின் இடத்தில் இது நடைமுறையில் உள்ளது. தண்டனை கனமானது என்பதால் கைவிடப்பட்ட நாய் ஒவ்வொன்றுக்கும் இதைச் சேர்த்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. மாடியிலிருந்து வீசியிருந்தாலோ, காலை முறித்திருந்தாலோ தயங்காமல் எழுதலாம். வெறுமனே விட்டுச் சென்றதற்கு இதை எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே அதைப் பிடித்துக்கொண்டு மனு முழுவதையும் மிகைப்படுத்தல் என்று காட்டிவிடுவார். கடிக்கும் சுபாவமுள்ள நாயை அவிழ்த்துவிட்டு, அதனால் மனித உயிருக்கு ஆபத்து நேரும் நிலை இருந்தால், விலங்கைக் குறித்த அலட்சியத்துக்கான 291 ஆம் பிரிவு பொருந்தும். அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

விலங்கைப் பார்த்த முதல் மணி நேரம்

அவிழ்ப்பதற்கு முன்பு படம் எடுங்கள். இரக்கமுள்ளவர்கள் முதலில் செய்யும் தவறு, ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்ப்பதுதான். கயிறு, முடிச்சு, அதன் நீளம், கிண்ணம், சுற்றியுள்ள இடம், அருகில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது ஆகிய எல்லாம் தெரியும்படி ஒரு நிமிடக் காணொளியும் நான்கைந்து படங்களும் போதும். அதன்பின் தண்ணீர் கொடுங்கள், சிறிது சிறிதாகக் கொடுங்கள். வெகுநேரம் பட்டினி கிடந்ததாகத் தோன்றினால் வயிறு நிறையத் தீனி வைக்காமல் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ப்பு நாய்தானா என்பதை உடம்பே பெரும்பாலும் காட்டிவிடும். கழுத்தைச் சுற்றி முடி அழுந்தி ஒரு வளையம் போல இருக்கும். தரையில் அதிகம் ஓடித் தேயாத நகங்கள் வளைந்து நீண்டிருக்கும். கருத்தடை செய்து விடப்பட்ட தெருநாய்க்கு ஒரு காதின் ஓரத்தில் சிறிய வெட்டு இருக்கும் என்பதால், அந்த வெட்டு இருந்தால் மறுபடி யோசியுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரத்தில் கிடைக்கும் நாய்களைக் கைவிடப்பட்டவை என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்ய வேண்டாம். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, சுவரேறிக் குதித்து ஓடிவந்த நாய்க்கு எங்கோ ஒரு வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள். நாய் கிடைத்திருப்பதாக அறிவிப்பு வெளியிடும்போது ஓர் அடையாளத்தை மட்டும், உதாரணமாக வயிற்றிலுள்ள ஒரு வெள்ளைத் திட்டை, சொல்லாமல் வைத்துக்கொண்டால், உண்மையான உரிமையாளரைப் பிரித்தறிய அது உதவும்.

அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுத்து வடிவில் சான்று பெறுவது இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. எடை, உடல்நிலை, நீர்ச்சத்துக் குறைவு உண்டா, காயங்கள், தோராயமான வயது, பரிசோதித்த நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். 'பசியாலோ தாகத்தாலோ துன்புற நேரக்கூடிய சூழ்நிலை' என்ற மூன்றாவது செய்தியை நீதிமன்றத்தில் நிறுத்தப்போவது இந்த ஒரு தாள்தான். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எழுதித் தருவார்கள்.

உரிமையாளர் யார் என்று காட்டுவது

பெரும்பாலான புகார்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. மருத்துவரிடம் போகும்போது தோளெலும்புகளுக்கு இடையே மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் 15 இலக்க எண் கிடைக்கும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்ப்பவர்கள் சிப் பொருத்தி உரிமம் பெற வேண்டும் என்றும், பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் 2025 இன் இறுதியில் கெடு வைக்கப்பட்டது. உரிமம் இல்லாமல் நாயை வீட்டில் வைத்திருந்தால் ஐயாயிரம், அதே நாயைச் சாலையில் விட்டால் ஐம்பது என்ற கணக்கு விசித்திரமாக இருந்தாலும், சிப் பரவலாகும் அளவுக்குக் கைவிட்டவர் பெயரைக் கண்டுபிடிப்பது எளிதாகும்.

சிப் இல்லாதபோது அக்கம்பக்கம்தான் துணை. நான் முதலில் சொன்ன லாப்ரடாரின் கதையில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த எவர்சில்வர் கிண்ணம். சோற்றைக் கழுவிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தபோது, விளிம்புக்குக் கீழே, புதுமனை புகுவிழாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பாத்திரங்களில் வெட்டுவார்களே, அதுபோல ஒரு குடும்பத் தலைவரின் பெயரும் முகவரியின் ஒரு பகுதியும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தன. பாத்திரம் அன்பளிப்பாக எத்தனை கைகளுக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்பதால் அதுவே ஆதாரமாகிவிடாது. ஆனால் எந்தத் தெருவில் விசாரிக்க வேண்டும் என்பது தெரிந்தது. அந்தத் தெருவின் மருந்துக்கடைக்காரர் நாயின் படத்தைப் பார்த்தவுடன் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவரும், அந்த வீட்டில் தண்ணீர் கேன் போடும் இளைஞரும் பிறகு எழுத்தில் வாக்குமூலம் தந்தார்கள்.

வாகனத்தில் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்தவர் இருந்தால் அவரது பெயரையும் வாகன எண்ணையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாகவே அழிந்து புதியவை ஏறிவிடும் என்பதால், அருகிலுள்ள கடைக்காரரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ அன்றே கேட்டு நகலெடுத்துவிட வேண்டும். கைப்பேசிக் காணொளியையும் கேமராப் பதிவையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63 ஆம் பிரிவின்படியான சான்றிதழ் வேண்டும். எனவே படம் எடுத்த கைப்பேசியை மாற்றவோ, கோப்பை வெட்டி ஒட்டவோ கூடாது. வாகன எண்ணையும் முகத்தையும் முகநூலில் போட்டுப் பரப்புவதற்குக் கை துறுதுறுக்கும். தவறான ஆளாக இருந்துவிட்டால் அவதூறு வழக்கு உங்கள் மீது வரும் என்பது ஒருபுறம் இருக்க, சரியான ஆளாகவே இருந்தாலும் அவர் எச்சரிக்கையடைந்து "நாய் தொலைந்துவிட்டது" என்று உங்களுக்கு முன்பே ஒரு மனுவைக் கொடுத்துவிடுவார்.

புகார் மனு

மனுவில் உணர்ச்சி வேண்டாம். 'ஈவிரக்கமற்ற கொடூரன்' என்று தொடங்கும் மனுவை நிலைய எழுத்தர் இரண்டாவது வரிக்குமேல் படிக்க மாட்டார். நாங்கள் ஆசிரியையின் பெயரில் எழுதிய மனுவின் முதன்மைப் பகுதி ஏறத்தாழ இவ்வாறு இருந்தது:

"மேற்படி தேதியில் காலை சுமார் 6.40 மணிக்கு நான் பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, நிழற்குடையின் வடக்குத் தூணில் பழுப்பு நிற லாப்ரடார் பெண் நாய் ஒன்று சுமார் மூன்றடி நீளமுள்ள நீல நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். அருகில் தண்ணீர் ஏதும் வைக்கப்பட்டிருக்கவில்லை. காலை 9.15 மணி வரை எவரும் அதைத் தேடி வரவில்லை. அப்போது நாய் நின்ற இடத்தில் வெயில் விழத் தொடங்கியிருந்தது. கயிற்றின் நீளத்துக்குள் அது நிழலுக்குச் செல்ல இயலவில்லை. அன்று காலை 10.30 மணிக்குப் பரிசோதித்த கால்நடை மருத்துவர், நீர்ச்சத்துக் குறைவு இருப்பதாகச் சான்றளித்துள்ளார். மேற்படி நாயைக் கீழ்க்கண்ட முகவரியில் வசிப்பவர் வளர்த்து வந்ததைத் தாம் நேரில் அறிவதாக இருவர் வாக்குமூலம் தந்துள்ளனர். எனவே, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960 இன் பிரிவு 11(1), கூறுகள் 'எச்', 'ஐ' ஆகியவற்றின் கீழ் நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, கயிறு மூன்றடி என்ற விவரங்கள் எதற்காக என்று இப்போது உங்களுக்கே விளங்கும். ஒவ்வொரு வாக்கியமும் சட்டத்தின் ஒரு சொல்லுக்குப் பதில் சொல்கிறது. இணைப்பாக மருத்துவச் சான்று, படங்கள், வாக்குமூலங்கள், அதுவரை நீங்கள் செய்த செலவின் ரசீதுகள் ஆகியவற்றை வையுங்கள். ரசீதுகள் பின்னால் 35 ஆம் பிரிவின்படி செலவைக் கோரும்போது பயன்படும்.

காவல் நிலையத்தில்

11 ஆம் பிரிவில் 'எல்', 'என்', 'ஓ' ஆகிய மூன்று கூறுகளுக்கு மட்டுமே காவல் துறை தானாக வழக்குப் பதிந்து புலனாய்வு செய்யலாம் என்று 31 ஆம் பிரிவு சொல்கிறது. கைவிடுதலுக்கான 'ஐ' அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, "எப்.ஐ.ஆர். போட மாட்டோம்" என்று நிலையத்தில் சொன்னால் அது எப்போதுமே அலட்சியம் அன்று, சட்டமே அவர்கள் கையைக் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் மனுவை வாங்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174 ஆம் பிரிவின்படி, தகவலின் சாரத்தை அதற்குரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டு, புகார்தாரரை நடுவரிடம் செல்லும்படி அனுப்ப வேண்டும். நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது மனு ரசீது, அதாவது எல்லாரும் சி.எஸ்.ஆர். என்று சொல்லும் தாள். நாங்கள் போன நிலையத்தில் முதல் நாள் கிடைத்த பதில், "மனுசனுக்கே கேஸ் போட ஆள் இல்லை, நாய்க்கா?" என்பது. மறுநாள் மனுவின் நகலை விரைவு அஞ்சலில் உயரதிகாரிக்கும், பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் மாவட்டக் கிளைக்கும் அனுப்பிய ரசீதுகளோடு போனபோது, அதே மேசையில் ரசீது கிடைத்தது.

ரசீது கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 36 ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் கடந்துவிட்டால் வழக்குத் தொடர முடியாது. காவல் நிலையத்தில் மனு கொடுத்த நாளை வைத்து இந்தக் கெடு நின்றுவிடுவதில்லை. நடுவரிடம் புகார் தாக்கலாக வேண்டும். "விசாரணையில் இருக்கிறது" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே தொண்ணூறு நாட்களைக் கடத்தி, உரிமையை இழந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆறாவது வாரத்துக்குள் காவல் துறையின் தரப்பில் அசைவு இல்லையென்றால், உள்ளூர்க் குற்றவியல் நடுவரிடம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223 ஆம் பிரிவின்படி தனிநபர் புகார் தாக்கல் செய்துவிடுவதே நல்லது. நடுவர் உங்களையும் சாட்சிகளையும் உறுதிமொழியின் பேரில் விசாரிப்பார். புதிய சட்டத்தின்படி, புகாரை ஏற்பதற்கு முன்பே எதிர்த்தரப்புக்கும் தன் நிலையைச் சொல்ல வாய்ப்பு தருவார். இந்தக் கூடுதல் படிக்கும் நாட்கள் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனுவிலேயே 29, 35 பிரிவுகளின் கீழ் நீங்கள் கோரும் ஆணைகளையும் எழுதிவிட வேண்டும்.

லாப்ரடாரின் விவகாரம் நீதிமன்றம் வரை போகவில்லை. நிலையத்துக்கு வரவழைக்கப்பட்ட உரிமையாளர், மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததாகவும், புதிய வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை என்றும், யாராவது நல்லவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார். மருத்துவச் செலவு முழுவதையும் கட்டி, நாயின் மீதான உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுத்தார். ஆசிரியை அதை ஏற்றுக்கொண்டார். தீர்ப்பு ஒன்று கிடைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தாலும், முடிவு அவருடையது.

சொல்லப்படும் காரணங்கள்

'நியாயமான காரணம்' எது என்று சட்டம் பட்டியல் இடவில்லை. திடீர் வெள்ளத்தில் உயிர் தப்ப ஓடியவரை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாள்தோறும் கேட்கும் காரணங்களில் பல நிற்காது என்பது என் கருத்து. அடுக்குமாடி நலச்சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது என்பார்கள். பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை விதிக்கச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று 2015 இலேயே இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் நிபந்தனை போட்டிருந்தால் வேறு வீடு பார்க்கவோ நாயை வேறொருவரிடம் ஒப்படைக்கவோ அது காரணமாகலாமே தவிர, சாலையில் விடுவதற்குக் காரணமாகாது. 2020 மார்ச்சில், நாய் பூனைகளால் கொரோனா பரவும் என்ற வதந்தியால் பலர் அவற்றை வெளியேற்றியபோது, அவ்வாறு கைவிட வேண்டாம் என்று வாரியம் அறிவுறுத்த வேண்டியிருந்தது.

காப்பகத்தின் பூட்டிய வாசலில் இரவோடு இரவாகக் கட்டிவிட்டு வருவதை ஒப்படைப்பு என்று சிலர் நம்புகிறார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் விடுவது ஒப்படைப்பு ஆகாது.

வளர்க்க முடியாதவர் செய்ய வேண்டியது

வளர்க்க இயலாத நிலை எவருக்கும் வரலாம். சட்டம் அதைத் தண்டிக்கவில்லை. வேறொரு வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் கருத்தடை செய்து, தடுப்பூசிகளை முடித்துவிடுங்கள். 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளர்ப்புப் பிராணிகளுக்கு இவற்றைச் செய்வது உரிமையாளரின் பொறுப்புதான். மேலும், கருத்தடை செய்யாத ஜாதி நாயை 'இலவசம்' என்று அறிவித்தால், குட்டி போட வைத்து விற்பவர்களே முதலில் வந்து நிற்பார்கள். வாங்குபவரின் வீட்டை ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில், நாயின் இனம், வயது, நிறம், சிப் எண், உடல்நலக் குறைகள், கொடுக்கும் தேதி, இருவரின் முகவரி ஆகியவற்றை எழுதி, "இன்று முதல் மேற்படி நாயின் முழுப் பொறுப்பையும் நான் ஏற்றுக்கொண்டேன்" என்று வாங்குபவரின் கையெழுத்தைப் பெறுங்கள். தடுப்பூசிக் கையேட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, அதன் நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி உரிமமும் சிப் பதிவும் உங்கள் பெயரிலேயே இருந்தால், அவர் நாளை அந்த நாயைக் கைவிடும்போது உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். காப்பகத்தில் சேர்ப்பதானால் முன்கூட்டியே பேசி, இடம் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒப்படைப்புப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வயதான நாய்க்குக் காப்பகக் கூண்டு பெரும்பாலும் ஒத்துவராது என்பதால், உறவினர் வீட்டு வாய்ப்பைக் கடைசி வரை தேடிப் பார்ப்பது நல்லது.

கிளி வளர்ப்பவர்களின் நிலை வேறு. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன்படி குற்றம் என்பதால், அதை இன்னொருவருக்குக் கொடுப்பதும் விற்பதும் மற்றொரு குற்றமாகிவிடும். கூண்டிலேயே வளர்ந்து பறக்கப் பழகாத கிளியை மொட்டை மாடியில் திறந்துவிட்டால் காகங்கள் கொத்திவிடும். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே அதற்கு வழி. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பால் பைதான் (ball python) என்னும் மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024 இல் வந்த விதிகளின்படி அவற்றை ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றுவதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். மீன் தொட்டியில் வளர்ந்து கையளவு பெரிதாகிவிட்ட சிவப்புக் காது ஆமையைக் கோயில் குளத்தில் விடுவதைப் புண்ணியம் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த இனம் நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும் என்பதால், அதையும் வனத்துறையிடம் பேசியே ஒப்படைக்க வேண்டும்.